கோபத்துக்கும் சிகிச்சை உண்டு



உங்கள் காணிக்கைகள் மருந்துக்கும் படுக்கைகளுக்கும் பயன்படுவதை நீங்கள் அறிவீர்கள். இம்முறை, பெரும்பாலும் பேச்சினாலேயே நடைபெறும் ஒரு சிகிச்சையைப் பற்றி உங்களுக்கு விளக்க விரும்புகிறோம். அது கோபத்துக்கான சிகிச்சை.

"எனக்குக் கோபம் அதிகம்" என்று சொல்லிக்கொண்டு தாமிரபரணிக் கரையிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவது அபூர்வம். "தலை சூடேறுது", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "பிரஷர் ஏறுது" என்றுதான் வருவார்கள். மீதிக் கதையைச் சில வேளைகளில் கூட வந்த மனைவியின் முகமே சொல்லிவிடும். அடிபடுகிற மனைவி, அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும் ஒதுங்குகிற பிள்ளைகள், ஒரு நிமிட ஆத்திரத்தில் அரிவாளைத் தூக்கி இரண்டு குடும்பங்களை அழித்துவிடுகிறவர்கள் என்று இதன் விலையைக் கொடுப்பவர்கள் பலர்.

இச்சிகிச்சையைச் சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்று அழைக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுள்ளவர்களுக்காக இதை உருவாக்கினார். ரேமண்ட் நோவாகோ என்னும் உளவியலாளர் இவ்வகை முறையைக் கோபத்துக்குப் பயன்படுத்தி 1975-ல் நூல் எழுதினார். இதன் அடிப்படை எளிது. நடந்த காரியத்துக்கும் நம் கோபத்துக்கும் நடுவே ஓர் எண்ணம் நிற்கிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, உண்மைதானா என்று சோதிக்கப் பழகினால் கோபத்தின் வேகம் குறைகிறது.

வயலில் தண்ணீர் முறைக்காகக் காத்திருக்கும் ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். காலையில் போனால் வரப்பு உடைந்து, தண்ணீர் பக்கத்து வயலில் நிற்கிறது. "வேணும்னே செஞ்சிருக்கான். என்னை ஒரு ஆளா மதிக்கல. இதை விட்டா ஊரே சிரிக்கும்." கையில் மண்வெட்டி இருக்கிறது. இவரிடம் "கோபப்படாதீர்கள்" என்று சொல்லி என்ன பயன்? நாங்கள் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, வரப்பு உடைய வேற காரணம் இருக்குமா?" சற்று யோசித்தால் அவரே சொல்லுவார்: "நண்டு வளை போட்டிருக்கலாம்." அடுத்து, மண்வெட்டியைக் கீழே வைப்பது, முகம் கழுவுவது, மூச்சை நிதானமாக விடுவது, பிறகு தண்ணீர் முறை பார்க்கிறவரிடம் போய்ப் பேசுவது என்று படிப்படியாகப் பழக்குகிறோம்.

இது பயன் தருமா? 1998-ல் 50 ஆய்வுகளை, அதாவது 1,640 பேரைப் பற்றிய முடிவுகளை, தொகுத்துப் பார்த்தார்கள். இச்சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 76 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருந்தார். கத்தித் தீர்த்தால் கோபம் ஆறிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. 2024-ல் 154 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் அது சரியல்ல என்று கண்டார்கள்; உடலின் வேகத்தைத் தணிக்கும் பயிற்சிகளே உதவுகின்றன.

ஆனால் மேல்நாட்டு முறையை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்காது. அங்கே நோயாளி தனியாக வருவார். இங்கே தாயும் மனைவியும் தாய்மாமனும் கூட வருவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ல் தொடங்கிய காலந்தொட்டே உறவினரை நோயாளியோடு தங்கவைத்து, குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. நாங்களும் அவ்வழியே செல்கிறோம். எனினும் மனைவியிடம் தனியாகவும் பேசுகிறோம். கணவன் முன்னிலையில் அவர் உண்மையைச் சொல்ல முடியாது. அவருடைய பாதுகாப்பே எங்களுக்கு முதல் காரியம்.

அங்கே ஆலோசகர் நேரடியாக அறிவுரை சொல்லத் தயங்குவார். இங்கே "நீங்களே ஒரு வழி சொல்லுங்க ஐயா" என்பார்கள். டாக்டர் ஜே. எஸ். நேகி 1973-ல் குரு சீடர் உறவையே சிகிச்சைக்கு மாதிரியாகக் கொள்ளலாம் என்று எழுதினார். ஆகவே கேட்கிறவருக்கு ஒரு வழி சொல்லுகிறோம். அதன்பின் கேள்வி கேட்கிறோம். எழுதத் தெரியாதவருக்கு நாட்குறிப்பு எதற்கு? கோபம் வந்த நாளில் தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு போட்டால் போதும்.

வருகிறவர் எந்த மதத்தவரானாலும் அவருடைய மரபிலிருந்தே தொடங்குகிறோம். திருக்குறளில் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. கோபத்தில் நிற்கிறவர் உட்கார வேண்டும் என்ற போதனை இஸ்லாமியரிடம் உண்டு. யோனாவின் புத்தகத்தில் கோபங்கொண்ட தீர்க்கதரிசியிடம் தேவன் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்.

கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கோபமும் நோயல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் சாதி வெறியால் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அவமதிக்கப்பட்டவரிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்லுவது சிகிச்சை ஆகாது. அவருடைய கோபம் சட்டத்தின் வழியாக நியாயத்தைத் தேட நாம் துணைநிற்க வேண்டும். "விட்டுக்கொடுத்தால் மானம் போகும்" என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்ட எண்ணமோ சோதிக்கப்பட வேண்டியது. அப்படிப்பட்டவரிடம் "மானத்தை விடு" என்று நாங்கள் சொல்லுவதில்லை. "நீங்கள் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தால் மகள் கல்யாணத்தை யார் நடத்துவது?" என்று கேட்கிறோம்.

முதலில் மருத்துவர் பரிசோதிக்கிறார். தைராய்டு நோய், தலைக்காயம், மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியவையும் கோபத்துக்குக் காரணமாகலாம். அவற்றுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும். வர இயலாதவர்கள் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடிபடும் பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

பிரியமானவர்களே, இந்த ஊழியத்துக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகரும், அமைதியான ஓர் அறையும், வாரந்தோறும் வந்துபோகப் பஸ் கட்டணமும் போதும். நீங்கள் தருவது அதற்கும் உதவுகிறது. மண்வெட்டியைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவருக்காகவும், அவர் வீட்டில் இன்றிரவு பயமின்றித் தூங்கவேண்டிய பிள்ளைகளுக்காகவும் எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.