இறைவன் அன்பும் உயிர்களின் துன்பமும்: கிறித்தவ நூலோர் கருத்து

இறைவன் அன்பே உருவானவன் என்பதும், உலகனைத்தையும் படைத்தவன் என்பதும், எல்லாம் வல்லவன் என்பதும் கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளாம். இவை மெய்யாயின், உலகில் துன்பம் இருத்தல் யாங்ஙனம்? துன்பத்தை நீக்க விரும்பியும் இயலாதவனாயின், இறைவன் வல்லவனாகான். இயன்றும் விரும்பாதவனாயின், அன்புடையவனாகான். கிரேக்க அறிஞர் எபிக்கூரசுக்கு உரியதென வழங்கும் இவ்வினாவை, நான்காம் நூற்றாண்டிற் கிறித்தவ ஆசிரியராகிய இலாக்டாந்தியசு எடுத்து ஆராய்ந்தனர். உயிர்க்குப் பல பிறவி உண்டென அச்சமயம் கொள்ளாமையின், இப்பிறவித் துன்பத்திற்கு முற்பிறவி வினையைக் காரணமாகக் காட்டுதல் அவர்க்கு இயையாது. ஆதலின் இவ்வினா அவரிடத்துப் பின்னும் கூர்மையுறுகின்றது.

இது நூலளவில் நிற்கும் வினாவன்று. 1755-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 1-ஆம் நாள், புனிதர் அனைவர்க்கும் உரிய திருநாளில், போர்ச்சுகல் நாட்டுத் தலைநகராகிய இலிசுபனில் மக்கள் வழிபாட்டிற்குக் கூடியிருந்த முற்பகற்பொழுதில் நிலம் நடுங்கிற்று. கோயில்கள் இடிந்து வீழ்ந்தன, கடல் பொங்கிக் கரையை மோதிற்று, மூண்ட தீ நாள் பல நின்று எரிந்தது, பல்லாயிரவர் மாண்டனர். இறைவன் படைத்திருக்கக்கூடிய உலகங்களுள் இதுவே தலைசிறந்தது என்று 1710-இல் நூல் செய்திருந்தார் செருமானிய அறிஞர் இலைப்நிட்சு. அக்கொள்கையைப் பிரஞ்சு அறிஞர் வோல்த்தேர் 1756-இற் செய்யுளாலும், 1759-இற் 'காந்தீது' என்னும் கதையாலும் எள்ளி மறுத்தனர்.

இனிக் கிறித்தவருட் பலர் கூறிய விடைகளை முறையே ஆராய்வாம்.

துன்பமெல்லாம் துன்புறுவோர் செய்த பாவத்திற்குத் தண்டமே என்பது ஒரு சாரார் விடை. மலாகிரிடா என்னும் இயேசு சபைத் துறவி, இலிசுபன் அழிவிற்குக் காரணம் இயற்கையன்று, நகரத்தார் பாவமே என்று 1756-இற் சிறுநூல் எழுதினர். இவ்விடை கிறித்தவ வேதத்திற்கே முரணாம். என்னையெனின், சீலோவாம் என்னுமிடத்துக் கோபுரம் வீழ்ந்து மாண்ட 18 பேரும் ஏனையோரினும் பெரும்பாவிகள் அல்லர் என இயேசு மொழிந்தமையை லூக்கா நூல் கூறும். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவமோ, பெற்றோர் பாவமோ என மாணாக்கர் வினவியபோது, இரண்டும் அன்றென அவர் மறுத்தமையை யோவான் நூல் கூறும்.

தீமை என்பது தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே என்றார் அகுத்தீன் (354–430). இருள் ஒளியின் இன்மையாதல் போல என்க. உயிர்கள் தமக்கு அளிக்கப்பெற்ற உரிமையைத் திரித்து நன்மையினின்றும் விலகினமையால் தீமை தோன்றிற்று. உரிமையின்றேல் அன்பும் இன்றாம் என்பது இக்கொள்கையினர் கருத்து. மாந்தர் மாந்தர்க்கு இழைக்கும் கொடுமைக்கு இவ்விடை ஒருவாறு பொருந்தும். நிலநடுக்கத்திற்கும் நோய்க்கும் பொருந்துமாறு என்னை? முதல் மாந்தர் வீழ்ச்சியால் அவை வந்தன என்பர். அவ்வீழ்ச்சிக்கு இன்று பிறந்த மகவு துன்புறுதல் முறையாமோ என்னும் ஐயம் எஞ்சுகின்றது.

மக்கள் முதிராக் குழவியராய்ப் படைக்கப்பட்டுப் படிப்படியே நிறைவெய்துவர் என்றார் இரண்டாம் நூற்றாண்டினராகிய இரேனேயு. இதனை விரித்து, உயிர் பண்படுதற்கு உலகம் இடமென்றும், இடரின்றேல் பொறையும் இரக்கமும் வளராவென்றும் 1966-இல் ஆங்கில அறிஞர் ஜான் கிக்கு எழுதினர். அற்றேல், பண்படுதற்கு முன்னரே மடியும் குழவிக்கு அத்துன்பம் என் பயந்தது? பின்வரும் இன்பம் எத்துணைப் பெரிதாயினும், ஒரு குழவியின் கண்ணீரை அதற்கு விலையாகக் கொடுத்தல் தகாதென, தத்தயேவ்சுகி 1880-இல் முடித்த 'கரமசோவ் உடன்பிறந்தார்' என்னும் உருசியக் கதையில் இவான் என்பான் வாதிடுகின்றான். அக்கதையாசிரியர் தாமே கிறித்தவர் என்பது நோக்கத்தக்கது.

ஆயின் கிறித்தவ வேதம் விடை யாதும் கூறாதோ எனின், பழைய ஏற்பாட்டு யோபு நூலை நோக்குக. நீதிமானாகிய யோபு தன் மக்கள் பதின்மரையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தான். நண்பர் மூவர் வந்து ஏழு நாள் வாய்திறவாது அவனுடன் தரையில் இருந்தனர். பின்னர், நீ பாவஞ் செய்தனையாதல் வேண்டும், இறைவன் நீதி தவறான் என வாதிட்டனர். யோபுவோ இறைவனையே எதிர்த்து முறையிட்டான். முடிவில் இறைவன் சூறாவளியினின்று தோன்றிப் படைப்பின் பெருமையை வினாக்களால் உணர்த்தினனன்றித் துன்பத்தின் காரணத்தைக் கூறினானல்லன். ஆயினும், தன் பொருட்டு வாதிட்ட நண்பரைக் கடிந்து, முறையிட்ட யோபுவையே உண்மை பேசினவனாக ஏற்றுக்கொண்டான். துன்புறுவோனைக் குற்றவாளியாக்கி இறைவனுக்கு நீதி தேடுதல் இறைவனுக்கே உடன்பாடன்று என்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்தின் முடிபாகக் கிறித்தவர் கொள்வது சிலுவை. இறைவன் மைந்தனே துன்புற்று, கைவிடப்பட்டோன் போலக் கதறி மாண்டான்; ஆதலின் துன்புறுவோரை இறைவன் சேய்மையினின்று நோக்குவானல்லன், அவருடன் துன்புறுவான் என்பர். 1943-ஆம் ஆண்டு அம்பர்கு நகரின்மேற் குண்டு பொழிந்தபோது அருகிருந்த தோழன் மடியக் கண்ட யூர்கன் மோல்ட்மன் (1926–2024), 1972-இல் இதனையே பொருளாகக் கொண்டு நூல் எழுதினர். துன்பம் இறைவனைப் பற்றுமாயின் அவன் பிறரை உய்விப்பது எங்ஙனம் எனின், துன்புற்றது மைந்தனின் மனிதத்தன்மையே, இறைத்தன்மையன்று என்பது தொன்னெறியாளர் விடை. மோல்ட்மனோ, அன்பினால் தானே ஏற்கும் துன்பம் குறைபாடன்று என்பர். மாண்டவன் உயிர்த்தெழுந்தான் என்பதனால், துன்பம் முடிந்த முடிபன்று என்பதில் இரு திறத்தாரும் ஒருப்படுவர்.

இது துன்பத்தின் காரணத்தை விளக்குவதாகாது. நம்பிக்கைக்கு ஓர் இடந்தருவதேயாம். அச்சமயத்து நன்மாணாக்கர் பலர் இதனை மறைத்திலர். யோபுவின் நண்பர் செய்தவற்றுள் நற்செயல், அவனுடன் வாய்திறவாது இருந்த அவ்வேழு நாளேயாம். துன்புறுவோர் முன்னர்க் காரணங் கூறப் புகுமுன், எச்சமயத்தாரும் இதனைச் சிந்தித்தல் நலமாம்.