மூன்று வாகனங்கள், மூன்று நிர்வாகங்கள்: தினமும் காத்திருக்கும் குகட்பள்ளி

காலை எட்டரை மணி. ஹைதராபாதின் வடமேற்கே, மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய குகட்பள்ளியின் பேருந்து நிறுத்தங்களில் கூட்டம் சாலைக்கே இறங்கி நிற்கிறது. தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. சற்றுத் தொலைவில் எம்எம்டிஎஸ் புறநகர் ரயில் பாதை இருக்கிறது. பட்டான்சேருவுக்கும் கோட்டிக்கும் இடையே ஓடும் 218, செகந்திராபாத் செல்லும் 219 ஆகிய பேருந்துகளும் இவ்வழியேதான் செல்கின்றன. ஒரு பகுதிக்கு மூன்று வகைப் பொதுப் போக்குவரத்து வாய்த்திருந்தும், எப்போது அலுவலகம் போய்ச் சேருவோம் என்பதை மக்களால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஆந்திரப் பிரதேச வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. தனி நகராட்சியாக இருந்த குகட்பள்ளி, 2007-இல் மேலும் 11 நகராட்சிகளுடன் சேர்த்துப் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அருகில் ஹைடெக் சிட்டி வளர்ந்தபோது, மென்பொருள் ஊழியர்கள் மட்டுமன்றி, அவர்களின் அலுவலகங்களைத் துப்புரவு செய்வோரும் காவல் காப்போரும் இங்கும் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். தமிழகத்திலிருந்து வேலை தேடிச் சென்றவர்களும் இவர்களில் உண்டு.

மூக்கைத் தொடத் தலையைச் சுற்றி

குகட்பள்ளி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து ஹைடெக் சிட்டிக்குச் சாலை வழியே ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் மெட்ரோவில் செல்வதென்றால், எதிர்த்திசையில் அமீர்பேட்டை வரை சென்று, அங்கு வேறு பாதைக்கு மாறி, மீண்டும் மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். 2017 நவம்பர் 28 அன்று பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த மெட்ரோ, நகரின் மையத்துக்குச் செல்வோருக்குப் பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அதிகபட்சக் கட்டணம் 2025 மே மாதத்தில் 60 ரூபாயிலிருந்து, தள்ளுபடி போக, 69 ரூபாயாக உயர்ந்தது. துப்புரவுத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இது தினசரிச் சுமை.

எம்எம்டிஎஸ் ரயில் 2003 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் தொலைதூர ரயில்கள் செல்லும் அதே தண்டவாளத்தில்தான் அதுவும் ஓடுகிறது. விரைவு ரயிலுக்கு வழிவிட்டு அது நின்றால் நூற்றுக்கணக்கானோரின் காலை நேரம் வீணாகிறது.

எஞ்சியிருப்பது நகரப் பேருந்து. குடியிருப்புகளுக்குள் நுழைந்து, குறுக்கே சென்று, வேலையிடத்தின் அருகில் இறக்கிவிடக் கூடியது அது ஒன்றே. அது வராத நாளில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டும். இயலாவிட்டால் இருசக்கர வாகனத்தைக் கடனில் வாங்க வேண்டும். அவ்வாறு வாங்கப்படும் ஒவ்வொரு வண்டியும் சாலை நெரிசலைக் கூட்டுகிறது. அந்த நெரிசலில் பேருந்து மேலும் தாமதமாகிறது.

52 நாள் பாடம்

பேருந்தின் அருமையை நகரம் உணர்ந்தது 2019-இல். அரசுடன் இணைப்பு, காலியிடங்களை நிரப்புதல், ஊதிய உயர்வு ஆகிய கோரிக்கைகளுக்காகத் தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அக்டோபர் 5 முதல் 52 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் தங்களைத் தாங்களே பணிநீக்கம் செய்துகொண்டுவிட்டனர் என்றார் அப்போதைய முதல்வர் கே. சந்திரசேகர ராவ். 5,100 வழித்தடங்களைத் தனியாருக்கு அளிக்கவும் அமைச்சரவை முடிவெடுத்தது. தற்காலிக ஓட்டுநர்களைக் கொண்டு சில பேருந்துகள் இயங்கின. மெட்ரோவில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இறுதியில் கோரிக்கைகள் நிறைவேறாமலே ஊழியர்கள் பணிக்குத் திரும்பினர். அடுத்த வாரமே கட்டணம் கிலோமீட்டருக்கு 20 காசு உயர்த்தப்பட்டது. நகரில் பல நூறு பேருந்துகள் விலக்கிக்கொள்ளப்பட்டன.

அன்று மறுக்கப்பட்ட கோரிக்கையை 2023 ஜூலை 31 அன்று, தேர்தல் நெருங்கிய வேளையில், அதே அரசு ஏற்றது. 43,373 ஊழியர்களை அரசுப் பணியில் இணைக்கும் மசோதாவுக்கு அனுமதியளிக்காமல் விளக்கம் கேட்டார் அப்போதைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன். ஊழியர்கள் ராஜ்பவனை முற்றுகையிட்டனர். அதன்பின் அனுமதி கிடைத்து, ஆகஸ்ட் 6 அன்று மசோதா பேரவையில் நிறைவேறியது. எனினும் 2025-இல் ஊழியர்கள் மீண்டும் வேலைநிறுத்த நோட்டீஸ் அளித்தபோது, இணைப்பை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் இடம்பெற்றிருந்தது.

இதற்கிடையே ஆட்சி மாறியது. ரேவந்த் ரெட்டி அரசு 2023 டிசம்பர் 9 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தது. தமிழகம் 2021 மே மாதமே இதைத் தொடங்கிவிட்டது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் கையில் இத்திட்டம் பணத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் பயணிகள் பெருகிய அளவுக்குப் பேருந்துகள் பெருகாவிட்டால், இலவசப் பயணத்துக்குரிய உரிமை படிக்கட்டில் தொங்கும் உரிமையாகிவிடும்.

தில்லி சொன்னதும் நடந்ததும்

வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே கூறியது. பெருநகரங்களில் அனைத்துப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கத் தனி அமைப்பு வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. ஆனால் குகட்பள்ளியில் புறநகர் ரயில் மத்திய ரயில்வேயிடம், பேருந்து மாநிலக் கழகத்திடம், மெட்ரோ எல் அண்ட் டி நிறுவனத்திடம் என்றே காலம் கடந்தது. கரோனா ஊரடங்குக்குப் பின் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. மெட்ரோ 2020 செப்டம்பர் 7-இலும், நகரப் பேருந்துகள் செப்டம்பர் 25-இலும் மீண்டும் ஓடத் தொடங்கின. ஏழைகளின் வாகனமான எம்எம்டிஎஸ் 2021 ஜூன் வரை ஓடவில்லை.

கடன் சுமையால் மெட்ரோவிலிருந்து விலக முன்வந்த எல் அண்ட் டியிடமிருந்து, சுமார் 13 ஆயிரம் கோடி ரூபாய் கடனுடன் அதை ஏற்க மாநில அரசு 2025 செப்டம்பரில் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. 24,269 கோடி ரூபாயில் 76.4 கிலோமீட்டருக்கான இரண்டாம் கட்டத் திட்டமும் 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு அனுப்பப்பட்டது. அதன் ஐந்து பாதைகளில் மியாப்பூர்–பட்டான்சேரு உண்டு; குகட்பள்ளியை ஹைடெக் சிட்டியுடன் நேராக இணைக்கும் பாதை இல்லை.

சென்னையில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு தரும் ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. பயணச்சீட்டு ஒன்றானால் போதாது. நேர அட்டவணையும் ஒன்றாக வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனாலும் அது ஒரு தொடக்கம்.

நிஜாம் காலத்தில், 1932-இல், 27 பேருந்துகளுடன் அரசே தொடங்கிய சேவை இது. மெட்ரோவும் அரசின் கைக்கு வருமானால், மாநிலத்திடம் இரண்டு, மத்திய அரசிடம் ஒன்று என நிர்வாகம் சுருங்கும். அப்போது பொறுப்பை அடுத்தவர் மீது தள்ள ஹைதராபாதுக்கும் தில்லிக்கும் காரணங்கள் குறையும். கோடிக்கணக்கில் புதிய பாதைகள் அமையட்டும். அதற்கு முன்பாக, ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலைக்குச் செல்பவர் கேட்பது எளிய ஒன்றுதான்: சொன்ன நேரத்தில் வரும் பேருந்து.