அளவுகோல் யாருடையது?



சபையானாலும் பள்ளியானாலும் மருத்துவமனையானாலும், பொறுப்பில் இருக்கிறவர்களை எளிதில் பிடித்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. அது தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள்? அங்கே என்ன புதிய இயந்திரம் வந்திருக்கிறது? நமக்குப் பின் வந்தவர் நம்மைவிட அதிகப் பெயர் வாங்கிவிட்டாரா? இக்கேள்விகள் பாவமாகத் தெரிவதில்லை. ஊழியத்தின்மேல் உள்ள அக்கறையைப் போலவே தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சவுல் இழந்தது

தாவீதைத் தன்னிலும் பத்து மடங்கு உயர்த்திப் பெண்கள் பாடியதைச் சவுல் கேட்டான். அன்றுமுதல் அவன் பார்வை மாறிற்று (1 சாமுவேல் 18:7-9). அவனுடைய சமாதானம் மாத்திரமா போயிற்று? ஜனங்களைக் காக்கவேண்டிய ராஜா, ஒரே மனிதனைத் தேடி மலைகளில் அலைந்தான். பெலிஸ்தர் தேசத்தில் புகுந்துவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்ன பிறகே திரும்பினான் (23:26-28). தலைவன் ஒப்பிடத் தொடங்கினால், நஷ்டம் அவனை நம்பியிருக்கிறவர்களுக்கு.

பேதுருவுக்கும் இந்தச் சோதனை வந்தது. ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைப் பெற்ற சற்று நேரத்திலேயே திரும்பி யோவானைப் பார்த்து, அவனைக் குறித்து விசாரித்தான். ஆண்டவரோ, அது உன் காரியமல்ல, நீ என் பின்னே வா என்ற கருத்தில் பதில் சொன்னார் (யோவான் 21:20-22). யோவானுடைய வழி வேறு, பேதுருவுடைய வழி வேறு. அழைத்தவர் ஒருவரே.

இரு மருத்துவர்கள்

மிஷனெரி மருத்துவ வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டில் பணியாற்றிய, உலகம் அறிந்த தொழுநோய் நிபுணர். சல்போன் மருந்துகளைக் கொண்டு சிகிச்சை அளித்த முன்னோடிகளில் ஒருவர். டாக்டர் பால் பிராண்ட் அவரைவிட வயதில் இளையவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர். 1947-ல் செங்கல்பட்டுக்குச் சென்ற பிராண்ட், நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைக் கண்டு, இவற்றிற்கு ஏன் ஒன்றும் செய்யப்படவில்லை என்று கேட்டார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பும் கையும் பிராண்டின் துறை என்றும் காக்ரேன் ஒளிக்காமல் சொன்னார்.

நிபுணர் என்ற பெயரைக் காத்துக்கொள்ள அவர் நினைத்திருந்தால், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். மாறாக, வேலை தொடங்கிற்று. நரம்புகள் செயலிழப்பதால் தசைகள் வலுவிழந்தே விரல்கள் மடங்குகின்றன என்பதை பிராண்ட் ஆராய்ந்தார். நல்ல நிலையில் உள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1948 முதல் வேலூரில் செய்தார். முடங்கியிருந்த கைகள் மறுபடியும் உணவையும் கருவியையும் பிடித்தன. ஒருவர் கிருமியோடு போராடினார். மற்றவர் கையை மீட்டார். இவர்களில் பெரியவர் யார் என்று நோயாளி கேட்கவில்லை. அவருக்கு இருவருமே தேவைப்பட்டார்கள்.

தப்புவதற்கு வழி

1. பிறரிடம் கற்பது வேறு, பிறரோடு போட்டியிடுவது வேறு. "அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். "அவர்களை எப்படி முந்துவது?" என்று கேளாதிருங்கள்.

2. உங்களுக்குத் தெரியாததை வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். அதுவே இன்னொருவருடைய வரத்துக்குக் கதவைத் திறக்கும்.

3. மனதில் யார்மேல் பொறாமை எழுகிறதோ, அவருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவருடைய வேலையில் நல்லதாகக் கண்டதை அவரிடமே சொல்லுங்கள்.

4. ஒரு செலவைத் தீர்மானிக்குமுன், "இது நம்மிடம் வரும் நோயாளிக்குத் தேவையா, அல்லது அடுத்த ஊரில் இருப்பதால் நமக்கும் வேண்டுமா?" என்று கேளுங்கள். பெருமைக்காக வாங்கிய இயந்திரம், கிராமத்துக்குப் போகும் செவிலியரின் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடும்.

காணிக்கை அனுப்பித் தாங்கும் அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. கணக்குக் கேட்பது உங்கள் உரிமை, கட்டாயம் கேளுங்கள். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் ஊழியத்தை மற்றொன்றோடு நிறுத்துப் பார்த்தால், ஊழியரும் அதே தராசைக் கையில் எடுப்பார்கள். நாளொன்றுக்கு முந்நூறு பேரைப் பார்க்கும் மருத்துவமனையும், மலையடிவாரத்தில் முப்பது பேரைப் பார்க்கும் மருந்தகமும் தங்களுக்குக் கொடுக்கப்பட்டதற்கே கணக்குக் கொடுக்கவேண்டும்.

ஐந்து தாலந்து பெற்றவன் வேறே ஐந்தையும், இரண்டு பெற்றவன் வேறே இரண்டையும் கொண்டுவந்தார்கள். தொகை ஒன்றல்ல. எஜமான் அவர்களைப் பாராட்டிய பாராட்டோ ஒன்றே (மத்தேயு 25:20-23). அந்தப் பாராட்டு நமக்குப் போதும்.