போடோக் கலவையும் கத்திச் சோதனையும்

உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய பயிர்களைப் பின்வெளிறல் நோயினின்றும் காப்பதற்குப் போடோக் கலவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. இதற்கு வேண்டியவை மயில்துத்தம், சுண்ணாம்பு, நீர் ஆகிய மூன்றுமே. எனினும் ஒரு தோட்டத்திற் பயிரைக் காக்கும் இக்கலவை, அடுத்த தோட்டத்தில் இலைகளைக் கருக்கிவிடுவதும் உண்டு. சுண்ணாம்பின் தன்மையையும் கலக்கும் பாத்திரத்தின் தன்மையையும் கவனியாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

கலவை தோன்றிய வரலாறு

பிரான்சு தேசத்தின் போடோ நகரை அடுத்த மெடொக் பகுதியில், வழிப்போக்கர் திராட்சைப் பழங்களைப் பறியாதிருக்கும் பொருட்டு, தெருவோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் வழக்கம் இருந்தது. பூசண நோயால் ஏனைய கொடிகள் இலையுதிர்ந்து நின்றபோதும் அக்கொடிகள் பசுமையாக இருந்ததைப் பேராசிரியர் மில்லார்தே 1882 ஆம் ஆண்டிற் கண்டார். பின்னர் ஆராய்ந்து, 1885 இல் இக்கலவையின் பயனை வெளியிட்டார்.

அமிலமும் காரமும்

மயில்துத்தம் என்பது செப்புச் சல்பேற்று. அதன் கரைசல் அமிலத்தன்மை உடையது. தனியே தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்போ காரம். மஞ்சளிற் சுண்ணாம்பு பட்டவுடன் சிவப்பதையும், அச்சிவப்பின்மேல் தேசிக்காய்ச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாவதையும் எவரும் வீட்டிலேயே காணலாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலைப்படுத்துவதால் இது நிகழ்கின்றது.

துத்தக் கரைசலுடன் போதிய சுண்ணாம்பு சேரும்போது அமிலத்தன்மை நீங்கி, செம்பு நீரிற் கரையாத மெல்லிய நீலப் படிவாக மாறுகின்றது. இப்படிவு இலையிற் படலமாக ஒட்டிக்கொள்ளும். மழை அதனை எளிதிற் கழுவாது. அதிலிருந்து சிறிது சிறிதாகக் கரையும் செம்பு, பூசண வித்திகள் முளைப்பதைத் தடுக்கின்றது. இலையினுள் ஏற்கெனவே புகுந்துவிட்ட பூசணத்தை இக்கலவை அழிக்காது. ஆதலால் நோய் பரவுமுன் தெளித்தல் வேண்டும்.

பாத்திரம் ஏன் முக்கியம்?

உலோகங்கள் யாவும் ஒரே அளவில் தாக்கமுறுவதில்லை. தாக்கம் கூடியதிலிருந்து குறைந்ததுவரை நிரைப்படுத்தினால் அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, பொன் என வரும். முன்னிற்கும் உலோகம் பின்னிற்கும் உலோகத்தை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும். இரும்பு வாளியில் துத்தத்தைக் கரைத்தால் இரும்பு கரைந்து நீருட் செல்ல, செம்பு வாளியின் உட்புறத்திற் படிகின்றது. பயிருக்குச் சேரவேண்டிய செம்பு குறைகின்றது, வாளியும் அரிக்கப்படுகின்றது. நாகம் பூசிய தகர வாளிக்கும் இதுவே கதி. அலுமினியத்தைச் சுண்ணாம்பும் அரிக்கும். ஆகவே மண், மரம், பிளாத்திக்கு ஆகியவற்றாலான பாத்திரங்களையே பயன்படுத்துக.

தயாரிக்கும் முறை

பத்து இலீற்றர் கலவைக்கு மயில்துத்தம் 100 கிராமும், புதிதாகச் சுட்ட நீறாத சுண்ணாம்பு 100 கிராமும் வேண்டும். நீறிய சுண்ணாம்பாயின் 130 கிராம் எடுத்தல் வேண்டும்.

1. துத்தத்தைத் தூளாக்கித் துணியிற் கட்டி, 5 இலீற்றர் நீரின் மேற்பாகத்தில் அமிழும்படி தொங்கவிட்டுக் கரைக்குக.

2. சுண்ணாம்பிற் சிறிது சிறிதாக நீர் தெளித்து நீற்றுக. அப்போது கடுஞ்சூடு உண்டாகுமாதலால் முகத்தை விலக்கிக்கொள்க. ஆறியபின் 5 இலீற்றர் பாலாக்கித் துணியில் வடிக்குக.

3. சுண்ணாம்புப் பாலைக் கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலை அதனுள் மெதுவாக ஊற்றுக. செறிந்த கரைசல்களைக் கலந்து பின்னர் நீர் சேர்த்தல் தவறு. படிவு பருமனாகி இலையிற் சரியாக ஒட்டாது.

கத்திச் சோதனை

நன்கு துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுக்குக. அலகிற் செந்நிறப் பூச்சுக் காணப்படின், கரைந்த செம்பு இன்னும் எஞ்சியுள்ளது என்பது பொருள். அக்கலவை இலையைக் கருக்கும். மேலும் சுண்ணாம்புப் பால் சேர்த்து, கத்தியைத் துலக்கி மீண்டும் சோதிக்குக. பூச்சுப் படியாதபோதே கலவை தெளிப்பதற்கு ஏற்றதாகும். வாளியைப் பழுதாக்கும் அதே தாக்கம் இங்கே கமக்காரருக்குச் சாட்சியாக உதவுகின்றது.

வெகுநாட்கள் காற்றுப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பு கரியமிலவாயுவை ஏற்றுத் தன் வலிமையை இழந்துவிடும். நிறையிற் குறையாவிடினும் குணத்திற் குறைந்த அத்தகைய சுண்ணாம்பை இச்சோதனை காட்டிக்கொடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

கலவையை ஆக்கிய அன்றே தெளித்து முடிக்குக. இலைகள் விரைவில் உலரத்தக்க வேளையில், இலையின் இரு புறங்களிலும் படுமாறு தெளிக்குக. பல பூச்சிநாசினிகள் காரத்திற் சிதைவடைவதால் அவற்றை இதனுடன் கலத்தலாகாது. தெளிகருவியை உடனே கழுவுக; கழுவிய நீரைக் கிணற்றருகிலோ குளத்திலோ ஊற்றற்க. செம்பு மீன்களுக்கு நஞ்சாகும். மயில்துத்தத்தைச் சிறுவர் எட்டாத இடத்திற் பூட்டி வைக்குக. செம்பு மண்ணிற் சேர்ந்து நிலைத்திருக்குமாதலால் வேண்டியபோது மட்டும் தெளித்தலே நன்று. எத்தனை நாட்களுக்கு ஒருமுறை தெளிப்பது என்பதைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்க.