அத்தான் நட்ட கொடி

முல்லைக் கொடிக்குத் தன் தேரையே கொழுகொம்பாக ஈந்தான் பாரி. ஆனால், தேரையே நெரித்து முறித்துவிடக்கூடிய கொடியும் உலகில் உண்டு. விஸ்டீரியா என்பது அதன் பெயர். சீனம், யப்பான், அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஆகியன இதன் தாயகம். சீன இனம் 1816 இல் இங்கிலாந்தை அடைந்தது. இன்று அந்நாட்டு வீட்டுச் சுவர்களில் மே மாதத்தில் ஊதா நிறச் சரங்களாய்த் தொங்கும் அழகைக் கண்டோர் மறவார்.

இங்கிலாந்தில் வாழும் என் தமக்கையாரின் வீட்டிலும் இக்கொடி உண்டு. அத்தான் நட்டது. ஐந்து ஆண்டுகள் பார்த்திருந்தும் ஒரு பூவையேனும் காணாமலே அவர் கண்மூடிவிட்டார். "தம்பி, இலை கூரைவரை ஏறிவிட்டது, பூவோ இல்லை. வெட்டி எறிய மனமும் வரவில்லை" என்று அக்கா எழுதியிருந்தார்.

விதையிலிருந்து வளர்ந்த கொடி பூக்க இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். ஒட்டுக் கன்றாயின் மூன்று நான்கு ஆண்டுகளிற் பூக்கும். அக்கா வீட்டுக் கொடியின் அடித்தண்டில் ஒட்டிய தழும்பு தெளிவாகத் தெரிந்தது. எனவே குற்றம் கன்றினுடையது அன்று. அத்தான் அன்பு மிகுதியால் ஆண்டுதோறும் கோழியெருவை அள்ளி இட்டிருந்தார். கத்தியை மட்டும் எடுக்கவேயில்லை!

இது அவரைக் குடும்பத்துக் கொடி. தனக்கு வேண்டிய நைதரசனை வேர்முடிச்சுகளின் துணையாற் பெற்றுக்கொள்ளும். அதற்கு மேலும் எருவிட்டால் இலையே தழைக்கும். வேண்டுமாயின் பொற்றாசியச் சத்துள்ள உரம் சிறிது இடலாம். நல்ல வெயிலும் இன்றியமையாதது.

கத்தரிப்பு ஆண்டுக்கு இருமுறை. யூலை, ஓகஸ்ட் மாதங்களில், அவ்வாண்டு நீண்டோடிய தளிர்க்கொடிகளை ஐந்தாறு இலை விட்டு நறுக்குக. இலையுதிர்ந்து கொடி உறங்கும் சனவரி, பெப்ரவரி மாதங்களில், அவற்றையே இரண்டு மூன்று மொட்டுகள் விட்டு மீண்டும் குறுக்குக. இவ்வாறு குறுகிய கிளைகளிலேதான் பூமொட்டுகள் திரளும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கூரை ஓட்டினுள்ளும் பீலியினுள்ளும் கொடி நுழையவிடலாகாது. சுவரிற் பொருத்திய உறுதியான கம்பிகளில் ஏற்றிக் கட்டுதல் வேண்டும். அவரைபோலத் தோன்றும் இதன் காயும் விதையும் நச்சுத்தன்மை உடையன. குழந்தைகள் உள்ள வீட்டில் காய்களை உடனே அகற்றிவிடுக.

அக்கா இரண்டு ஆண்டுகள் இவ்வாறே செய்து வந்தார். முதல் முறை வெட்டியபோது கை நடுங்கியதாம். சென்ற மே மாதம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. சுவாமி அறையில் அத்தானின் படம். அதன் முன்னே ஊதா நிறத்தில் ஒரு பூச்சரம். கீழே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "அவர் கொடி பூத்துவிட்டது."