858 ஓட்டு

எம்எல்ஏ ஆகிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு ராஜாதான் என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நான் நகரி தொகுதிக் கதையை எடுத்துவிடுவேன். திருத்தணியிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போயிருந்தால் அந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள். விசைத்தறிச் சத்தம் கேட்கும், ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். ‘நகரி மூக்கு’ என்று ஊரார் சொல்லும் மலை தூரத்திலிருந்தே தெரியும். அங்கே இரண்டு முறை ஜெயித்தவரை உங்களுக்குத் தெரியும். ‘செம்பருத்தி’ ரோஜா.

சினிமாக்காரர், அதனால் சுலபமாக ஜெயித்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். 1991இல் ‘பிரேம தபஸ்ஸு’ என்ற தெலுங்குப் படத்தில் அவரை அறிமுகப்படுத்திய இயக்குநர் சிவபிரசாத், பின்னாளில் தெலுங்கு தேசத்தின் சித்தூர் எம்பி ஆனார். நாடாளுமன்ற வாசலில் தினம் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு வந்து போராடினாரே, அவரேதான். ரோஜாவும் அந்தக் கட்சிக்குத்தான் போனார், மகளிரணித் தலைவியாகவும் இருந்தார். 2004இல் நகரியில் நின்றார், தோல்வி. 2009இல் சந்திரகிரி, அங்கேயும் தோல்வி. ராசியில்லாதவர் என்று கேலி பேசினார்கள். தேர்தலில் தோற்ற ஆண்களைப் பற்றி யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சந்திரகிரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அது சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊர் இருக்கும் தொகுதி. 1978இல் காங்கிரஸ் சார்பில் அங்கே ஜெயித்துத்தான் அவர் முதன்முதலில் சட்டமன்றம் போனார். அடுத்த தேர்தலில், 1983இல், மாமனார் என்.டி.ராமராவ் கட்சியின் அலையில் அதே ஊரில் தோற்றார். பிறகு மாமனார் கட்சிக்கே போய், 1989இல் தமிழக, கர்நாடக எல்லையை ஒட்டிய குப்பத்துக்குக் குடிபெயர்ந்தார். 2024 வரை அங்கே தொடர்ந்து எட்டு வெற்றி. சொந்த ஊர் கைவிட்டால் வேறு தொகுதி தேடிக்கொள்ளும் வசதி பெரிய தலைவர்களுக்கு உண்டு. மற்றவர்கள் கட்சி கொடுக்கிற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

ரோஜா கட்சி மாறி, ஜெகன்மோகன் ரெட்டியின் ஒய்எஸ்ஆர் காங்கிரஸுக்கு வந்தார். 2014இல் மறுபடி நகரி. எதிரே தெலுங்கு தேசத்தின் காலி முத்துகிருஷ்ணம நாயுடு, பழம் தின்று கொட்டை போட்ட அரசியல்வாதி. அவருக்கு 73,866 ஓட்டு, ரோஜாவுக்கு 74,724. வித்தியாசம் 858. ஒரு நடுத்தர வாக்குச்சாவடியின் பட்டியலில் இருக்கிற பெயர்கள் அவ்வளவுதான் வரும்.

ஜெயித்தார், ஆனால் ஆட்சி தெலுங்கு தேசத்தின் கையில். தோற்ற முத்துகிருஷ்ணம நாயுடு மேலவை உறுப்பினரானார். தமிழ்நாட்டில் 1986இல் கலைத்த மேலவை ஆந்திராவில் இன்னும் இருக்கிறது. ஆக ஒரே தொகுதியில் ஜெயித்த எம்எல்ஏ ஒருவர், ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர். சாலைக்கும் குடிநீருக்கும் மனுவோடு நிற்கிறவர்கள் யார் வீட்டுக்குப் போவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நெருக்கடியில்தான் ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் 23 எம்எல்ஏக்கள் தெலுங்கு தேசத்துக்குத் தாவினார்கள். நால்வர் அமைச்சரும் ஆனார்கள். சித்தூர் மாவட்டத்துப் பலமநேரி அமர்நாத் ரெட்டி அவர்களில் ஒருவர். கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இலிருந்தே இருக்கிறதே என்பீர்கள். பதவியைப் பறிக்கிற முடிவைச் சட்டம் சபாநாயகரிடம் விட்டிருக்கிறது, அவர் முடிவெடுக்காமலே ஐந்து வருஷமும் ஓடிப்போனது. 2019இல் தெலுங்கு தேசம் ஜெயித்த இடங்களும் அதே 23தான். ரோஜா தாவவில்லை.

அவருக்கு வந்த சோதனை வேறு. 2015 டிசம்பரில் விஜயவாடா கந்துவட்டி விவகாரம் சபையில் வெடித்தது. முதல்வர் சந்திரபாபு நாயுடுவை வரம்பு மீறிப் பேசினார் என்று ரோஜாவை ஒரு வருஷத்துக்கு சஸ்பெண்ட் செய்தார்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. சபையில் அமளி செய்கிற உறுப்பினரை அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை வெளியே வைக்கலாம் என்பதுதான் சபை விதி. ஒரு வருஷம் என்பது அதைத் தாண்டிய தண்டனை. அவர் ஹைதராபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2016 மார்ச்சில் ஒற்றை நீதிபதி தடை விதித்தார். அந்த உத்தரவோடு வந்தவரைச் சபைக்குள் விடவில்லை. சில நாளிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கிவிட்டது.

ஒரு வருஷம் சஸ்பெண்ட் செய்யலாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் ஆறு வருஷம் ஆனது, அதுவும் வேறு மாநிலத்து வழக்கில். மகாராஷ்டிரத்தில் 2021 ஜூலையில் பாஜகவின் 12 எம்எல்ஏக்களை இதேபோல ஒரு வருஷத்துக்கு சஸ்பெண்ட் செய்தார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. காரணம் எளிமையானது. ஒரு உறுப்பினரைப் பதவியிலிருந்தே நீக்கினால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வந்துவிடும், ஊருக்கு வேறு ஆள் கிடைப்பார். வருஷக்கணக்கில் சஸ்பெண்ட் செய்தால் ஆள் இருப்பார், ஆனால் சபையில் இருக்கமாட்டார். இடைத்தேர்தலும் வராது. ஆகவே அது நீக்குவதைவிட மோசம், தண்டனை தொகுதிக்குத்தான் என்றது நீதிமன்றம். ரோஜா பேசிய பேச்சுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் சபையில் வாயடைத்துப் போனது நகரிதான்.

2019இல் ஆட்சி மாறியது. 175 இடங்களில் 151 ஜெகனுக்கு. அப்படிப்பட்ட அலையிலும் முத்துகிருஷ்ணம நாயுடுவின் மகன் பானுபிரகாஷை ரோஜா ஜெயித்தது 2,708 ஓட்டில்தான். அமைச்சர் பதவி உடனே வரவில்லை. 2003இன் அரசியல் சட்டத் திருத்தப்படி மொத்த உறுப்பினரில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் அமைச்சராகலாம். 175க்கு 26, முதல்வரையும் சேர்த்து. 151 பேரில் 26 பேர் போக மற்றவர்களை என்ன செய்வது? வாரியத் தலைவர் பதவிகள் அதற்குத்தான். ரோஜாவுக்குத் தொழிற்கட்டமைப்புக் கழகம் கிடைத்தது, 2022 ஏப்ரலில் சுற்றுலாத் துறை. அப்போதுதான் ‘ஜபர்தஸ்த்’ டிவி நிகழ்ச்சி நடுவர் நாற்காலியை விட்டார்.

அதே மாதம் திருப்பதி தனி மாவட்டமானது. நகரி தொகுதியில் புத்தூரும் வடமாலப்பேட்டையும் அங்கே போயின, நகரியும் நிண்டிராவும் விஜயபுரமும் சித்தூரில் நின்றன. ஒரு எம்எல்ஏ, இரண்டு கலெக்டர். பட்டா வேலைக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ரோஜா செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. 2021இல் கணவர் செல்வமணியோடு சென்னை வந்து, தன் தொகுதியின் தமிழ் வழிப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் வேண்டும் என்று முதல்வர் ஸ்டாலினிடம் கேட்டார். எல்லையில் இருக்கிற எம்எல்ஏவின் வேலை அதுதான்.

2024இல் அதே பானுபிரகாஷிடம் 45,004 ஓட்டில் தோற்றார். பத்து வருஷம் முன்பு 858இல் கிடைத்தது அப்படிப் போனது. அவர் கட்சிக்கு மிஞ்சியது 11 இடம். அந்தப் பதினொரு பேரும், ஜெகன் உட்பட, எதிர்க்கட்சி அந்தஸ்து தரவில்லை என்று சபையைப் புறக்கணிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ஆளுநர் உரைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வெளிநடப்பு செய்தார்கள். அந்தஸ்துக்குப் பத்தில் ஒரு பங்காக 18 பேர் வேண்டும் என்பது ஆளுங்கட்சி வாதம். அது சரியா தப்பா என்று வழக்காடலாம். ஆனால் ரோஜாவை வெளியே தள்ளியது அநியாயம் என்றால், யாரும் தள்ளாமலே வெளியே நிற்பதும் அந்தப் பதினொரு தொகுதிக்கும் அநியாயம்தான்.