ஆமை நடையும் மாணவர் கடமையும்

மாணவர் சங்கம் என்பது எதற்காக ஏற்பட்டது? ஆண்டுக்கு ஒரு தேர்தல், தேர்தலுக்கு ஓர் ஆரவாரம், விழாவுக்கு ஒரு சொற்பொழிவு என்ற அளவில் அதன் ஆயுள் முடிந்துவிட வேண்டுமா? தான் கல்வி கற்கும் ஊருக்கும், அந்த ஊரின் நீருக்கும் நிலத்துக்கும் கடலுக்கும் அது செய்ய வேண்டிய கடமை ஒன்றும் இல்லையா? செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரையை நினைக்கும்போதெல்லாம் இக்கேள்வி நமது மனத்தில் எழுகிறது.

2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி ஜில்லாவான செங்கற்பட்டில் கல்விச்சாலைகளுக்குக் குறைவில்லை. 1965இல் தோன்றிய வைத்தியக் கல்லூரி ஜில்லாவின் தலைநகரிலேயே இருக்கிறது. காட்டாங்குளத்தூரிலும், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிப் படூர், கேளம்பாக்கம், காலவாக்கம் முதலிய ஊர்களிலும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நிறைந்திருக்கின்றன. பல்லாயிரம் வாலிபர்கள் கடற்காற்று வீசும் தூரத்தில் தங்கிப் படிக்கிறார்கள். ஆயினும் அக்கடலில் நடப்பதை அறிந்தவர் அவர்களில் எத்தனை பேர்?

தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரை, இரவு வேளைகளில், இக்கரைக்கு விருந்தினர் வருகின்றனர். அவை வரும் மாதத்தைக் கொண்டே நம் மக்கள் அவற்றைப் பங்குனி ஆமை என்று அழைத்தனர். பெண் ஆமை மணலில் ஏறி, பின்கால்களால் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய ஐம்பது நாட்களில் மணலின் வெப்பத்தாலேயே முட்டைகள் பொரிகின்றன. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் கூட அவ்வெப்பத்தைப் பொறுத்ததே. பொரிந்த குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று வளர்ந்து பெரிதானால் அதிகம் என்பது பொதுவான கணக்கு.

இவ்வளவு அரிதாகத் தப்பிப் பிழைத்த ஆமைதான் கரையில் பிணமாக ஒதுங்குகிறது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே அவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி. விசைப்படகின் இழுவை மடியில் சிக்கி நெடுநேரம் அடியிலேயே இழுபட்டால் அது மூச்சுத் திணறி இறக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பங்குனி ஆமைக்கு முதல் அட்டவணையில் இடம் தந்து புலிக்குச் சமமான காவலை அளித்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆமை கரையில் கிடக்கிறது.

இதற்கு மாணவர் என்ன செய்ய இயலும் என்று சிலர் கேட்கலாம். மாணவர் செய்ததைச் சொல்வதே அதற்குத் தக்க பதில். 1970களின் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் இஞ்சினீயரிங் படித்த சதீஷ் பாஸ்கர் என்னும் இளைஞர், ராமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணையால் ஈர்க்கப்பட்டு, இரவில் இக்கரையில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினார். பின்னாளில் இந்தியாவின் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள் நடந்து, நம் நாட்டின் ஆமைகளைப் பற்றிய முதல் விரிவான குறிப்புகளைத் திரட்டியவர் அவரே. அதன்பின் சர்க்கார் ஸ்தாபனங்கள் சில ஆண்டுகள் பொரிப்பகம் நடத்தின. 1980களின் பிற்பகுதியில் அம்முயற்சி ஓய்ந்தபோது பொறுப்பை ஏற்றவர்கள் கல்லூரி மாணவர்களே. 1988இல் அவர்கள் அமைத்த கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, பருவம் முழுதும் இரவுதோறும் நடந்து, வனத்துறையின் அனுமதியுடன், நாய்க்கும் திருடனுக்கும் அலைக்கும் இரையாகக்கூடிய முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர்.

இதில் நாம் வியப்பது ஆமையைக் காத்ததை மட்டும் அன்று. மாணவன் மூன்று நான்கு ஆண்டுகளில் கல்லூரியை விட்டுப் போகிறவன். அவனோடு அவன் தொடங்கிய காரியமும் போய்விடுவதே நாம் எங்கும் காணும் வழக்கம். இங்கோ, போகிறவன் வருகிறவனிடம் விளக்கையும் குறிப்பேட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அறுபடாமல் வரும் சங்கிலி அது. ‘ஆமை நடை’ என்று நாம் ஏளனமாகச் சொல்வதுண்டு. நின்றுவிடாத நடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இம்மாணவரே சாட்சி.

நமது சர்வகலாசாலைகளின் சங்கங்களோ பெரும்பாலும் வேறு வழியில் செல்கின்றன. உலகச் சுற்றுச்சூழல் தினமென்று ஜூன் 5இல் கூடிக் கரையில் குப்பை பொறுக்குகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், கலைகிறார்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைக் கண்டவர்கள் அங்கே ஒரு பூனை கையுயர்த்தித் தவம் செய்வதையும், அதன் காலடியில் எலிகள் நிற்பதையும் பார்த்திருப்பார்கள். ஒரு நாள் தொண்டு அந்தப் பூனைத் தவத்துக்கு ஒப்பாகிவிடக் கூடாது என்பதே நமது கவலை.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு. மீனவன் வயிறு காய்கையில் ஆமையைப் பற்றிப் பேசுவது நியாயமா என்பது அது. நியாயமான கேள்வியே. ஆனால் உண்மை என்ன? கரையருகே இழுவை மடி ஓடினால் ஆமை மட்டுமா சாகிறது? மீன் குஞ்சும் முட்டையும் வாரப்படுகின்றன; நாட்டுப்படகுக்காரர் விரித்த வலை அறுபடுகிறது. கரையை ஒட்டிய கடல் சிறு படகுகளுக்கே உரியதென்று விதி இருக்கிறது. அவ்விதி நடைமுறைக்கு வந்தால் குப்பத்துக்கும் ஆமைக்கும் ஒருங்கே நன்மை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டு. ஆனால் ஆமைகள் கரை தேடி வரும் காலம் அதற்கு முன்பே பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. விசைப்படகில் கூலிக்குச் செல்பவரும் ஏழைகளே. அவர்களைப் பழிப்பதால் பயனில்லை. ஆமை வெளியேற வழிவிடும் கருவியை மடியில் பொருத்தினால் மீன் போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அக்கருவியைச் சோதித்துக் காட்டி, நஷ்டம் நேர்ந்தால் சர்க்கார் ஈடு செய்ய வேண்டுமென்று வாதாடுவதன்றோ படித்தவர் கடமை?

இக்கருவியைப் பொருத்தாத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1996இல் கட்டுப்பாடு விதித்தபோது, இந்தியா உள்ளிட்ட நான்கு ஆசிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. அமெரிக்கா அதைப் பாரபட்சமாகச் செலுத்தியது தவறென்று 1998இல் தீர்ப்பாயிற்று. ஆமையைக் காக்கும் நோக்கம் தவறென்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. அந்நியர் கட்டளையை எதிர்த்தது நமக்குப் பெருமையே. ஆனால் அவர் கட்டளையிடும் வரை நாம் காத்திருந்தது பெருமையாகுமா? நம் வீட்டு வாசலை நாமே பெருக்கினால் அயலான் விளக்குமாற்றை நீட்ட மாட்டான்.

ஆகவே செங்கற்பட்டு ஜில்லா மாணவர் சங்கங்களுக்கு நாம் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம். ஒவ்வொரு சங்கமும் கடற்கரைக்கென ஒரு காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கட்டும். சங்கத் தேர்தல் நடவாத கல்லூரிகளில் ஒரு வகுப்பாரே அப்பொறுப்பை ஏற்கலாம். கோவளம் முதல் பாலாறு கடலில் கலக்கும் இடம் வரை உள்ள கரையைப் பங்கிட்டுக்கொண்டு, இறந்த ஆமை ஒவ்வொன்றையும் நாள், இடம், அளவுடன் பேரேட்டில் பதியட்டும். அதை வனத்துறைக்கு அனுப்பிவிட்டு, ஆண்டு முடிவில் அடுத்த காரியதரிசியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கட்டும். பேரேட்டின் முன் எந்த அதிகாரியும் ‘அறியோம்’ என்று சொல்ல முடியாது.

எதையும் தொடங்கும் முன் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் சென்று அமர்ந்து கேட்கட்டும். கடலை அறிந்தவர்கள் அவர்கள். அங்கே ஆசிரியர் மீனவர், மாணாக்கர் மாணவரே. குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடலென்று எண்ணி ஓடுபவை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதி விளக்குகள் அவற்றை நிலத்துக்கு இழுத்துவிடுகின்றன. பருவத்தில் கடலைப் பார்த்த விளக்குகளை மறைக்கும்படி விடுதிக்காரரை நேரில் கண்டு வேண்டலாம். இவற்றுக்கெல்லாம் முன், தம் விடுதியின் கழிவுநீர் எந்த ஏரியில் விழுகிறது, தம் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பதைச் சங்கம் விசாரிக்க வேண்டும். தன் கொல்லையைக் காணாதவன் கடலைக் காக்க முடியாது.

இவை பெரும் பணம் வேண்டும் காரியங்கள் அல்ல. வேண்டுவன இரண்டு கால்களும், ஒரு பேரேடும், விட்டுப் போகாத மனமும். அடுத்த தையில் ஆமைகள் மீண்டும் வரும். அவற்றை எதிர்கொள்ள இக்கரையில் யார் நிற்கப் போகிறார்கள் என்பதை இவ்வாண்டுச் சங்கங்களே தீர்மானிக்க வேண்டும்.